கைவந்த கலையும் காற்றில் வனைந்த பானையும்

சங்கராபுரம் கடைத்தெருவில் ஒரு பானையின் அளவைக் கேட்டுப் பாருங்கள். விற்பவர் வாய் திறப்பதற்கு முன்னரே அவருடைய இரு கைகளும் எழுந்து காற்றில் ஒரு பானையைக் காட்டிவிடும். உள்ளங்கைகள் எதிரெதிரே நிற்கும். விரல்கள் வளைந்து வயிற்றின் உருட்சியைக் காட்டும். கைகள் மேலே செல்லச் செல்ல நெருங்கிக் கழுத்தைக் காட்டி, மறுபடி சற்றே விரிந்து விளிம்பைக் காட்டும். இரண்டு நொடிகளில் ஒரு பானை தோன்றி மறைந்துவிடும். நாமும் அதைக் கண்டுகொள்வோம். வயலில் கதிர் எவ்வளவு உயரம் வளர்ந்திருக்கிறது என்றாலும், ஏரியில் பிடித்த மீன் எவ்வளவு நீளம் என்றாலும் கைதான் முதலில் பேசுகிறது. (மீன் என்றால் கை சற்றுப் பொய்யும் பேசும்.) மனிதன் நாவால் பேசுவதற்கு முன்னரே கையால் பேசியிருக்க வேண்டும் என்று கருதும் மொழியறிஞரும் உளர்.

அந்தக் கையசைவைக் கண்டு, காற்றில் காட்டிய பானையை அப்படியே ஒரு கணிப்பொறி தன் திரையில் வனைந்து தந்தால் எப்படியிருக்கும்? இது கற்பனைக் கேள்வியன்று. பத்து ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் ஆராய்ச்சி. நம் பகுதியின் கைத்தொழிலையும், கையைப் பற்றியும் உழைப்பைப் பற்றியும் திருச்சபை கற்பித்துவருவதையும் அது ஒருங்கே தொடுவதால் இதை எழுதத் துணிந்தேன்.

1963இல் அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லண்ட் என்னும் ஆய்வு மாணவர், ஒளிப்பேனாவால் திரையின்மீதே கோடிழுத்து வரையும் முறை ஒன்றைச் செய்து காட்டினார். பேனா பிடித்த எவருக்கும் விளங்கக்கூடிய வழி அது. ஆனால் பின்னர் வந்த வரைவு மென்பொருள்கள் அந்த எளிமையில் நிற்கவில்லை. 1968இல் டக்ளஸ் எங்கெல்பார்ட் மக்கள் முன் காட்டிய மௌஸ், மேசைமேல் தட்டையாக நகரும் கருவி. உருண்டு திரண்ட ஒரு பொருளை அதனால் வடிக்க வேண்டுமாயின், பொருளை மேலிருந்து ஒரு முறை, பக்கத்திலிருந்து ஒரு முறை, எதிரிலிருந்து ஒரு முறை என்று பகுத்துக்கொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் உள்ள கட்டளைப் பட்டியல்களைத் திறந்து திறந்து தேட வேண்டும். சந்தைக்காரர் இரண்டு நொடிகளில் காட்டிய பானையைத் திரைக்குக் கொண்டுவர ஒருவர் பல வாரங்கள் பயில வேண்டியதாயிற்று.

2010 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் கினெக்ட் என்னும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளிப்புள்ளிகளை அறையெங்கும் தூவி, அப்புள்ளிகள் எங்கெங்கே விலகி விழுகின்றன என்பதைக் கொண்டு, எதிரே நிற்பவரின் கை, தோள், தலை ஒவ்வொன்றும் எவ்வளவு தொலைவில் உள்ளன என்று கணிக்கும் படக்கருவி அது. தொலைக்காட்சி முன் குதித்து விளையாடும் பிள்ளைகளுக்காகச் செய்யப்பட்ட அதனை ஆய்வாளர்கள் தங்கள் மேசைக்கு எடுத்துச் சென்றார்கள். அவர்களுள் ஒருவர் பர்டியூ பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்த்திக் ரமணி. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பொறியியல் பயின்று அமெரிக்கா சென்றவர். சுந்தர் முருகப்பன், விநாயக் முதலியோர் அடங்கிய அவருடைய குழு 2012இல் ‘ஹேண்டி-பாட்டர்’ என்னும் முறையையும், 2013இல் ‘ஷேப்-இட்-அப்’ என்பதையும் வெளியிட்டது. எதிரே நிற்பவர் தம் கைகளைக் காற்றில் அசைத்தால் போதும். திரையில் முதுகெலும்பைப் போல ஓர் அச்சு. அதன் நெடுகிலும் வளையங்கள். கைகள் விரிந்தால் வளையம் பெருக்கும், நெருங்கினால் சிறுக்கும், கைகள் வளைந்து சென்றால் அச்சும் உடன் வளையும். இப்படியே குடுவையும் பூச்சாடியும் தோன்றும். கட்டளைப் பட்டியல் வேண்டாம், ஆங்கிலமும் வேண்டாம். கினெக்ட் கருவியின் உற்பத்தி 2017இல் நின்றுபோயிற்று. ஆனால் அதன் வழிமுறை நிற்கவில்லை. முகத்தில் அணியும் இன்றைய கண்ணாடிக் கருவிகள் விரலசைவையே கட்டளையாக ஏற்கின்றன.

இவர்கள் தம் கருவிக்கு மாதிரியாகக் குயவரை எடுத்துக்கொண்டதில் என் மனம் தங்கிவிட்டது. ஏன் குயவர்? தொடக்க நூலின் இரண்டாம் அதிகாரத்தில் கடவுள் மண்ணைப் பிசைந்து மனிதனை உருவாக்கும் காட்சியைப் படித்து வளர்ந்த நமக்கு இவ்வினா வேறு விதமாக ஒலிக்கும். ஆய்வாளர்களின் விடை எளியது. களிமண்ணைக் கையால் அமுக்கினால் என்ன ஆகும் என்பது எல்லாருக்கும் தெரியும். எனவே யாருக்கும் கற்பிக்க வேண்டியதில்லை. ‘பயிலாமலே கைவரும்’ என்பதுதான் இத்தகைய கருவிகளைப் பற்றி எல்லாரும் சொல்லும் புகழுரை.

உண்மையில் பயிலாமலா கைவருகிறது? மழைக்காலத்தில் சேற்றை உருட்டி விளையாடாத பிள்ளை நம் ஊரில் உண்டா? அம்மாவின் அருகில் உட்கார்ந்து கொழுக்கட்டை மாவைப் பிடித்துப் பிடித்துக் கெடுக்காத பிள்ளை உண்டா? கற்றது நினைவில் இல்லை என்பதனாலேயே கற்கவில்லை என்று ஆகிவிடாது. இன்னும் பின்னே சென்றால், பானைக்கு வயிறும் கழுத்தும் விளிம்பும் வேண்டும் என்று கண்டவர் யார்? ஆதிச்சநல்லூரில் முதுமக்கள் தாழி வனைந்தவர்கள் முதலாகப் பெயரறியாத எத்தனையோ தலைமுறைக் குயவர்கள். அவர்களுடைய உழைப்பு நம் கைகளுக்குள் படிந்து கிடக்கிறது. நமக்கு இயல்பாக வருவது, வேறு யாரோ பாடுபட்டுத் தேடி வைத்தது. தமிழில் நாம் ‘கைவந்த கலை’ என்கிறோம். கை ஓரிடத்தில் நிற்கிறது; கலை எங்கிருந்தோ புறப்பட்டு அதனிடம் வந்து சேர்கிறது. வந்த வழி நீண்டது.

இக்குழுவைப் பாராட்டவும் ஒரு காரணம் உண்டு. சைகைக் கருவிகளில் பெரும்பாலானவை ஒரு பட்டியலோடு வந்தவை: விரலை மடக்கினால் இப்பொருள், கையை விரித்தால் அப்பொருள் என்று. 2015இல் விநாயக்கும் ரமணியும் வெளியிட்ட ஆய்வில் அத்தகைய பட்டியலைக் கைவிட்டார்கள். கையின் வடிவமே திரையிலுள்ள களிமண்ணைத் தள்ளவும் இழுக்கவும் விட்டார்கள். புனித தாமஸ் அக்குவினாஸ் சொல்லும் ஒரு கருத்து எனக்கு இங்கே நினைவுக்கு வருகிறது. விலங்குகளுக்குக் கொம்பும் குளம்பும் நகமும் உண்டு. அவை ஒவ்வொன்றும் ஒரே வேலைக்கு உரியவை. மனிதனுக்கு அவற்றுக்குப் பதிலாக அறிவும் கையும் தரப்பட்டுள்ளன. கை எந்த ஒரு வேலைக்கும் கட்டுப்படாததனால்தான் எல்லா வேலைக்கும் உதவுகிறது. பட்டியல் போட்டு ஒரு சைகைக்கு ஒரே பொருள் என்று கட்டுவது, கையை மறுபடியும் கொம்பாக்குவதாகும்.

ஆயினும் பானைத் தொழிலின் பாதிதான் திரைக்குப் போயிருக்கிறது. நம்மூர்ப் பானை சக்கரத்தில் முடிவதில்லை. அடிப்பகுதி திறந்திருக்கும்போதே சக்கரத்திலிருந்து அறுத்தெடுத்து, சற்று உலரவிட்டு, ஒரு கையால் உள்ளே கல்லை ஏந்தி, மறு கையால் வெளியே மரப்பலகை கொண்டு தட்டித் தட்டி அடியை மூடுவார்கள். வெளியே விழும் ஒவ்வோர் அடியையும் உள்ளே இருக்கும் கை வாங்கிக்கொள்கிறது. சுவர் எவ்வளவு மெலிந்தது என்று அதற்குத்தான் தெரியும். பானைக்குள் இருக்கும் அந்தக் கையை எந்தப் படக்கருவியும் பார்க்க முடியாது.

எங்கள் பங்கில் ஒரு பேச்சு எழாதிருந்தால் இவையெல்லாம் எனக்குத் தொலைதூரச் செய்திகளாகவே இருந்திருக்கும். கோவிலுக்குப் புதிய வாசக மேடை வேண்டும். அதன் முகப்பில் கோதுமைக் கதிரும் திராட்சைக் கொத்தும் செதுக்கிய பலகை வைக்க வேண்டும். பக்கத்தில் கள்ளக்குறிச்சி இருக்கிறது. அவ்வூர் மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சிற்பியிடம் கொடுப்பதே முறை என்று மூத்தவர்கள் சொன்னோம். பங்குப் பேரவையின் இளைஞர் ஒருவர் வேறு கணக்கோடு வந்தார். கணிப்பொறி சொன்னபடி மரத்தைக் குடையும் சி.என்.சி. இயந்திரம் இப்போது சிறிய ஊர்களிலும் உண்டு. வடிவத்தைத் திரையில் செய்துகொண்டால், மறுநாளே பலகை கைக்கு வந்துவிடும். செலவு பாதிக்கும் கீழே. காற்றில் சைகை காட்டி வடிவம் செய்யும் முறையைப் பற்றி அவர்தான் எனக்கு முதலில் சொன்னார். நினைத்துப் பார்த்தால், மனத்தில் எழுந்த உருவம் மரத்தில் வந்து முடியும் வரை எந்தக் கையும் மரத்தைத் தொட வேண்டியதில்லை.

இதை எடுத்துக்கொண்டு ஒரு முதிய சிற்பியிடம் போனேன். அவர் வருந்துவார், இயந்திரத்தைச் சபிப்பார், அதையே கட்டுரையாக எழுதலாம் என்பது என் எண்ணம். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் மகிழ்ந்தார்.

“வாத்தியாரே, இது வந்தா எனக்கு நல்லதுதானே? இப்பவே நெறைய பேரு, கம்ப்யூட்டர்ல படம் போட்டுக் காட்டுனாதான் வேலை தருவேன்றாங்க. படம் போடுற பையன்கிட்டப் போயி நிக்கிறேன். மயில் கழுத்து இப்படி வரணும்னு கையால காட்டுறேன். அவன் அதை வேற மாதிரி போடுறான். அவனுக்கு ஆங்கிலம் தெரியும், மயில் தெரியாது. என் கையை அந்தப் பெட்டியே பார்த்துப் புரிஞ்சுக்கும்னா, நான் எதுக்கு அவன்கிட்டப் போகணும்?”

அவர் ஏற்கெனவே சைகையால்தான் வடிவம் செய்துகொண்டிருக்கிறார். அந்தச் சைகையை மொழிபெயர்ப்பவனுக்குக் கூலி கொடுத்துக்கொண்டு! எனக்கு மறுமொழி தோன்றவில்லை. மரம் வீணாகாது என்றார். வாகை விற்கும் விலைக்கு அது பெரிது என்றார். வேலை பழக வரும் பையன் முதல் மாதத்திலேயே விரலை வெட்டிக்கொள்ள மாட்டான் என்றார். மரத்தூள் நாற்பது ஆண்டுகளாக அவருடைய மார்புக்குள் போயிருக்கிறது. பேச்சுக்கு நடுவே இருமினார். தூரத்தில் உட்கார்ந்து கைத்தொழிலின் அழகைப் பாடும் என்னைப் போன்றவர்கள் அந்த இருமலைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பிறகு எங்கள் பலகைக்கென்று அவர் பார்த்து வைத்திருந்த மரத்தைக் காட்டினார். கட்டைவிரலால் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார். “இங்க கணு. திராட்சைக் கொத்து இந்த இடத்துல வந்தா உளி வழுக்கும், தெறிச்சிடும். அதனால கொத்தை இந்தப் பக்கம் தள்ளிட்டு, கணு மேல ஒரு இலையைப் படுக்க வச்சிடுவேன்.” நாங்கள் கொடுத்த படத்தில் அந்த இலை இல்லை.

அந்த இலை எங்கிருந்து வந்தது? சிற்பியின் மனத்திலிருந்து மட்டும் வரவில்லை. மரமும் அதில் பங்கு கொண்டது. வடிவம் முழுவதும் மனத்தில் முன்னரே முடிந்துவிடுகிறது, கை அதனைப் பொருளின்மேல் பதிக்கும் ஏவலாள் மட்டுமே என்று எண்ணுவோமானால், சைகைக் கருவியில் ஒரு குறையும் இராது. ஏவலாளின் வேலை குறைகிறது, அவ்வளவே. ஆனால் எரேமியா இறைவாக்கினர் குயவன் வீட்டுக்குப் போனபோது கண்டது வேறு. பதினெட்டாம் அதிகாரத்தில், வனைந்துகொண்டிருந்த கலம் கையிலேயே கெட்டுப்போகிறது. குயவன் அதே மண்ணைத் தன் எண்ணப்படி வேறொரு கலமாக வனைகிறான். மண் மறுக்கிறது, கை அம்மறுப்பைக் கேட்டுத் தன் எண்ணத்தை மாற்றிக்கொள்கிறது.

காற்று மறுப்பதில்லை. இதனால் எழும் தொல்லைகளைப் பொறியாளர்கள் நன்கு அறிவார்கள். மண்ணிலிருந்து கையை எடுத்தால் மண் அப்படியே நிற்கும். காற்றில் கையைப் பின்னிழுத்தால் அதுவும் ஓர் அசைவுதான் என்று கருவி எண்ணி, வடிவத்தைக் கலைத்துவிடக்கூடும். தொட்டதெல்லாம் பொன்னாகப் பெற்ற மிடாஸ் அரசன் உண்ண உணவின்றித் தவித்த கிரேக்கக் கதையின் பெயரால் இக்குறையை அவர்கள் குறிப்பிடுகிறார்கள். மூக்கைச் சொறிந்தாலும் கட்டளையாகிவிடும். பார்த்துக்கொண்டே இருக்கும் கருவியின் முன் கைக்கு ஓய்வில்லை. தாங்குவதற்குப் பொருள் இல்லாததால் தோளும் விரைவில் கடுக்கிறது. இவற்றைவிட வியப்பானது ஒன்றுண்டு. 1990களின் தொடக்கத்தில் அதே மாசாசூசெட்ஸ் கழகத்தில் தாமஸ் மாசி, கென்னத் சாலிஸ்பரி ஆகிய இருவர் ‘ஃபாண்டம்’ என்னும் கருவியைச் செய்தனர். அதன் முனையில் விரலை வைத்து நகர்த்தினால், திரையிலுள்ள பொருளை விரல் எட்டுமிடத்தில் நுண்ணிய மோட்டார்கள் விரலை எதிர்த்துத் தள்ளும். இல்லாத பொருள் இருப்பதுபோல் தடுக்கும். பொருளின் எதிர்ப்பிலிருந்து கையை விடுவித்த அறிவியலே, அந்த எதிர்ப்பைத் திரும்பக் கொண்டுவர அரும்பாடு பட்டிருக்கிறது. தடை இல்லாத கை எதையும் அறிவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கத்தோலிக்கருக்கு இது புதிய செய்தியன்று. சைகையின் ஆற்றலில் நம்மைப் போல் நம்பிக்கை கொண்டவர்கள் சிலரே. நெற்றியில் சிலுவை வரைகிறோம், மார்பில் தட்டிக்கொள்கிறோம், திருப்பலியில் குருவின் கைகள் அப்பத்தின்மீதும் இரசத்தின்மீதும் விரியும்போது மண்டியிடுகிறோம். ஆனால் அருட்சாதனத்துக்குச் சைகை மட்டும் போதாது என்றும் திருச்சபை உறுதியாகச் சொல்லிவருகிறது. நீரின்றித் திருமுழுக்கு இல்லை. காற்றில் நீர் வார்ப்பதுபோல் கையசைத்துச் சொற்களை எவ்வளவு பக்தியோடு சொன்னாலும் அது திருமுழுக்கு ஆகாது. கோதுமை விளைந்திருக்க வேண்டும். யாரோ அரைத்திருக்க வேண்டும். திராட்சை பிழியப்பட்டிருக்க வேண்டும்.

நற்செய்தியைப் பாருங்கள். நூற்றுவர் தலைவனின் ஊழியனை ஆண்டவர் இருந்த இடத்திலிருந்தே ஒரு சொல்லால் குணமாக்கினார். பிறவிக் குருடனுக்கு மட்டும் ஏன் தரையில் உமிழ்ந்து, சேறு குழைத்து, அதைக் கண்களில் பூச வேண்டும்? சொல்லே போதுமான ஒருவர் சேற்றில் விரலை வைத்தார். யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்துக்கு மறைநூல் அறிஞர்கள் பல விளக்கங்கள் தருகிறார்கள். நாசரேத்தில் தச்சுப் பட்டறையில் வளர்ந்த கைகளுக்குப் பொருளைத் தொடாமல் இருக்க முடியவில்லை என்பது என் சிறு விளக்கம். இதற்கு எந்த அறிஞரையும் நான் துணைக்கு அழைக்கவில்லை.

புனித இரண்டாம் யோவான் பவுல் 1999 ஏப்ரல் 4 உயிர்ப்புப் பெருவிழாவன்று கலைஞர்களுக்கு எழுதிய மடலில் ஒரு வேறுபாட்டைக் காட்டுகிறார். படைப்பவர் ஒன்றுமில்லாமையிலிருந்து ஒன்றை இருக்கச் செய்கிறார். அது கடவுளுக்கு மட்டுமே உரியது. கைவினைஞரோ ஏற்கெனவே இருப்பதை எடுத்து அதற்கு உருவமும் பொருளும் தருகிறார். காற்றில் கையசைத்து வெறுமையிலிருந்து குடுவை ஒன்று எழுவதைக் காணும்போது, அந்த முதல் இன்பத்தை ஒரு கணம் சுவைக்கிறோம். தோன்றுக என்றதும் தோன்றுகிறது. இந்தச் சுவையில் தீங்கு இல்லை. பிள்ளைகளின் சோப்புக் குமிழியிலும் அது உண்டு. ஆனால் இதுவே மனிதச் செயலின் முழுமை, மரத்தின் கணுவும் மண்ணின் பிடிவாதமும் வெறும் இடையூறுகள் என்று ஒரு தலைமுறை எண்ணத் தொடங்குமாயின், சொன்னதைக் கேளாத மரத்தோடு மட்டுமன்றிச் சொன்னதைக் கேளாத மனிதர்களோடும் வாழத் தெரியாமற் போகும் என்று அஞ்சுகிறேன். வீட்டிலும் பங்கிலும் நம்மோடு இருப்பவர்களில் கணு இல்லாதவர் யார்?

இவ்விடத்தில் நிறுத்திக்கொண்டால் சிற்பிக்கு நான் நீதி செய்தவனாகேன். அவர் கேட்டது வேறு. சீராக்கின் ஞானநூல் 38ஆம் அதிகாரம் உழுபவர், முத்திரை செதுக்குபவர், கொல்லர், குயவர் ஆகியோரை அருகிருந்து பார்த்து எழுதியது. குயவர் காலால் சக்கரத்தைச் சுற்றுவதும், கொல்லர் உலைச் சூட்டில் வாடுவதும் அதில் உள்ளன. இவர்கள் இல்லையேல் நகரம் இல்லை, இவர்களுடைய தொழிலே இவர்களுடைய வேண்டுதல் என்று புகழும் அதே ஆசிரியர், மக்கள் மன்றத்தில் கருத்துச் சொல்ல இவர்களை யாரும் அழைப்பதில்லை என்றும் எழுதுகிறார். அவர் எழுத்தாளர், தம் தொழிலைச் சற்று உயர்த்தியே வைக்கிறார். எழுதுகிறவனுக்குள்ள பழைய செருக்கு அது, எனக்கும் உண்டு.

இன்றைய மன்றம் திரைக்கு முன்னால் இருக்கிறது. வடிவத்தைத் தீர்மானிப்பவர் திரை முன் அமர்கிறார். மரத்தைத் தொடுபவர் வெளியே நிற்கிறார். சைகையைப் புரிந்துகொள்ளும் கருவி, ஆங்கிலப் பட்டியலைத் தாண்ட இயலாத முதியவரை அந்த மன்றத்துக்குள் அழைத்துவரக்கூடும். கல்வராயன் மலையிலிருந்து இறங்கிப் படிக்க வரும் ஒரு சிறுமியின் கையில் உளியைக் கொடுக்க எத்தனை பட்டறைகள் முன்வரும்? திரை அவளிடம் குலமும் கேளாது, ஆணா பெண்ணா என்றும் கேளாது. இதை எண்ணும்போது, தடையைப் பற்றி மேலே நான் எழுதியதில் பாதி, தடையை ஒருபோதும் சந்தித்திராதவனின் பேச்சாகத் தோன்றுகிறது. மரத்தின் தடை கற்பிக்கும். மனிதர் போடும் தடை எதையும் கற்பிப்பதில்லை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளலாகாது.

எஞ்சி நிற்பது கூலியைப் பற்றிய கேள்வி. இன்றைய கணிப்பொறிகள் மனிதர் செய்வதைப் பல்லாயிரம் முறை பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்கின்றன. ஒரு சிற்பி படக்கருவியின் முன் நின்று மயில் கழுத்தைக் காற்றில் வளைக்கும்போது, ஒரு மயிலை மட்டும் தருவதில்லை. நாற்பது ஆண்டுகளாகக் கைக்கு வந்து சேர்ந்த வளைவையே தருகிறார். அதைக் கற்ற கருவி மறுநாள் முதல், மயிலையே பார்த்திராத ஒருவருக்கும் அவ்வளைவைக் கொடுக்கும். புவிசார் குறியீடு கள்ளக்குறிச்சி என்ற பெயரைக் காக்கிறது. வேறூர்ப் பொருளை அப்பெயரில் விற்கக் கூடாது என்கிறது. சிற்பியின் கையசைவைக் காக்க அதற்கு வலிமையில்லை; அது அதற்காக வந்ததும் அன்று.

1981 செப்டம்பர் 14 அன்று வெளியான ‘லாபோரெம் எக்ஸெர்சென்ஸ்’ என்னும் சுற்றுமடலில் இரண்டாம் யோவான் பவுல் தொழில்நுட்பத்தை மனிதனின் கூட்டாளி என்று வரவேற்கிறார். உழைப்பின் நிறைவையும் பொறுப்பையும் பறிக்கும்போது அதுவே பகையாகிவிடும் என்றும் எச்சரிக்கிறார். அதைவிட ஆழமானது பன்னிரண்டாம் பிரிவு. முதலுக்கு மேலானது உழைப்பு என்பது அதன் கருத்து. ஏனெனில் மிக நவீன இயந்திரம் வரை எல்லாக் கருவிகளும் தலைமுறை தலைமுறையாக வந்த மனித உழைப்பின் பயனே. நாற்பது ஆண்டுகளுக்கு முன் தொழிற்சாலையை எண்ணி எழுதிய அவ்வரிகள், கையைப் பார்த்துக் கற்கும் கருவிக்கு இன்னும் நேராகப் பொருந்துகின்றன. முன்பு இயந்திரத்துக்குள் உழைப்பு மறைந்திருந்தது. இப்போது அது யாருடைய கை என்றே சொல்லிவிடலாம். 2025 ஜனவரி 28 அன்று செயற்கை நுண்ணறிவு பற்றி வத்திக்கான் வெளியிட்ட ‘ஆன்திகுவா எத் நோவா’ ஆவணமும் மனித அறிவு உடலோடு பிணைந்தது என்பதை வற்புறுத்துகிறது. உடலோடு பிணைந்த அறிவு என்றால் அதற்கு உடையவர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு வீடும் வயிறும் உண்டு.

ஆகவே பேரவையில் நான் சொன்னது இதுதான். இயந்திரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பலகையைச் சிற்பியின் எண்ணப்படி வடிவமைப்போம். முதல் குடைவை இயந்திரம் செய்யட்டும். அவருடைய நுரையீரல் அவ்வளவுக்காவது பிழைக்கும். கடைசி உளி அவருடையதாக இருக்கட்டும். வடிவத்துக்குத் தனியாக, கைவேலைக்குத் தனியாக என இரண்டு கூலி கொடுப்போம். அந்த வடிவத்தை வேறு கோவிலுக்கு எடுத்தால் அவரைக் கேட்டே எடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுப்போம்.

“கையை ஆட்டிக் காட்டினதுக்கு என்ன கூலி, சார்?” என்று அந்த இளைஞர் கேட்டார். ஏளனமாகக் கேட்கவில்லை, கணக்கு எழுதுபவர் அவர்தான், எழுத ஓர் எண் வேண்டுமாம். என்னால் எண் சொல்ல முடியவில்லை. அவருடைய தாத்தா கொத்து வேலை பார்த்தவர் என்றும், சுவரின் நேரைக் கண்ணாலேயே சொல்லிவிடுவார் என்றும், அதற்கு எவரும் தனியாக ஒரு காசும் கொடுத்ததில்லை என்றும் அவரே பிறகு சொன்னார்.

பேரவை அடுத்த மாதம் மறுபடி கூடும். பலகை வாங்கியாகிவிட்டது. பட்டறைச் சுவரில் சாய்ந்தபடி உலர்ந்துகொண்டிருக்கிறது. கணு இருக்கும் இடத்தைச் சிற்பி சாக்பீஸால் வட்டமிட்டு வைத்திருக்கிறார்.